மாலத்தீவில் முதல் தூண்டில்: படகில் ஒரு நாள் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு

மாலத்தீவில் மீன் பிடிக்கக் கம்பும் ரீலும் பழகியிருக்க வேண்டியதில்லை. அங்கே பாரில், அதாவது கடலடிப் பவளத்திட்டில், மீன் பிடிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருப்பது கைத்தூண்டிலை. ஒரு நரம்பு (நைலான் இழை), ஓர் ஈயக்குண்டு, ஒரு தூண்டில் முள், கொஞ்சம் இரை, இவ்வளவுதான். இதுவரை தூண்டிலே தொடாதவர்கூட அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு மீன் ஏற்றிவிடலாம். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் செய்யும் சில தவறுகளால் வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் உண்டு, விரலை அறுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. படகு பேசுவது முதல் பிடித்த மீன் தட்டுக்கு வருவது வரை என்ன செய்ய வேண்டும், எது எதனால் கெடுகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

எடுத்துக்காட்டாகத் தெற்கு மாலே பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள மாஃபுஷியை வைத்துக்கொள்வோம். தலைநகர் மாலேயிலிருந்து விரைவுப்படகில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அரசுப் பயணப்படகில் ஒன்றரை மணி நேரம். நிறைய விருந்தினர் விடுதிகள் இருப்பதால் மீன்பிடிப் பயணம் தினமும் கிடைக்கும். மக்கள் வாழும் மற்றத் தீவுகளிலும் நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

எப்போது போவது

மாலத்தீவில் இரண்டே பருவம். வடகிழக்குக் காற்றுக் காலம் இருவை. தென்மேற்குக் காற்றுக் காலம் ஹுளங்கு. மீனவர்கள் பல நூற்றாண்டாக வைத்திருக்கும் பஞ்சாங்கம் ஆண்டை 13, 14 நாள் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர். நம் அசுவதி அங்கே அஸ்ஸித. அது ஏப்ரல் 8 வாக்கில் பிறக்கும்போது ஹுளங்கு தொடங்கும். டிசம்பர் 10 வாக்கில் மூலம் பிறக்கும்போது இருவை தொடங்கும். பெயரைக் கேட்டதுமே தமிழருக்குப் புரிந்துவிடும் பஞ்சாங்கம் இது.

முதல்முறை போகிறவருக்கு ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். மழை குறைவு, கடல் பெரும்பாலும் அமைதி. மே முதல் அக்டோபர் வரை போகக்கூடாது என்றில்லை. அப்போதும் மீன் கிடைக்கும். ஆனால் திடீர்க் காற்றும் மழையும் வரும், பயணம் ரத்தாகலாம். அந்த மாதங்களில் போனால் மீன்பிடிப்பை ஊர் திரும்பும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் வையுங்கள். ஒரு நாள் தள்ளிப்போனாலும் இடம் இருக்கும். மாலத்தீவு வானிலைத் துறை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். மஞ்சள் வந்தாலே புதியவர்கள் அன்றைக்குக் கரையில் இருப்பது நல்லது. 'பரவாயில்லை, போகலாம்' என்று படகுக்காரர் சொன்னாலும், அவர் கடலில் பிறந்து வளர்ந்தவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் படகு கிளம்பாது. ரமலான் மாதத்தில் மாலைப் பயணத்தின் நேரம் நோன்பு திறப்பையொட்டி மாறும். இரண்டையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது

விடுதியில் பொதுவாக இரண்டு வகை சொல்வார்கள். ஒன்று, மாலையில் கிளம்பி இருட்டிய பின் திரும்பும் குழுப் பயணம். ஆளுக்குச் சில பத்து டாலரில் முடியும். மற்றது 'பிக் கேம்' என்ற பெரிய மீன் வேட்டை. தனிப்படகு, வெளிக்கடல், சில நூறு டாலர் வாடகை. படத்தில் காட்டும் மயில்மீனைப் பார்த்துவிட்டு முதல் பயணத்துக்கே இரண்டாவதைப் பேசுகிறவர்கள் அதிகம். அது வேண்டாம். வெளிக்கடலில் ஐந்தாறு மணி நேரம் படகு ஓடியும் ஒரு கடிகூடக் கிடைக்காத நாட்கள் சாதாரணம். அலையும் அதிகம். ஒரே இரைச்சலில் உட்கார்ந்து வாந்தியெடுத்துத் திரும்பினால் மறுபடி தூண்டிலைத் தொடவே தோன்றாது.

புதியவருக்கு ஏற்றது இரண்டும் கலந்த ஒரு பகல் பயணம். முற்பகல் 11 மணிக்குக் கிளம்பி, ஒரு மணல்திட்டில் சாப்பாடும் குளியலும், 3 மணியளவில் பவளப்பாரின் வெளி ஓரமாக ஒரு மணி நேரம் டிரோலிங் (ஓடும் படகின் பின்னால் செயற்கை இரையை இழுத்துப் போவது), 4.30-லிருந்து இருட்டும் வரை பவளத்தீவு வளையத்துக்கு உள்ளே கைத்தூண்டில், 7.30-க்குக் கரை. நில நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் 6 மணியையொட்டித்தான் மறையும். அதற்கு முன்னும் பின்னுமான ஒரு மணி நேரம்தான் பாரில் மீன் நன்றாகக் கடிக்கும் நேரம். உச்சி வெயிலில் மீன் ஆழத்தில் ஒதுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தை மணல்திட்டில் கழிப்பதே சரி. நாலைந்து பேராகச் சேர்ந்தால் இப்படி ஒரு படகைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

படகு என்றால் தோனியைக் கேளுங்கள். சொல்லும் நம் தோணிதான். அகலமான, மெதுவாகப் போகும், கூரை போட்ட படகு. கழிவறை இருக்கும் தோனிகளும் உண்டு. விரைவுப்படகு அலையில் அடித்து அடித்துப் போகும். முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள் அதில் ஏறவே கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: சொன்ன விலையில் வரி சேர்ந்ததா (சுற்றுலாச் சேவைகளுக்கான வரி 2025 ஜூலை முதல் 17%, சில இடங்களில் சேவைக் கட்டணம் வேறு), தூண்டிலும் இரையும் ஐஸும் அவர்களுடையதா, எத்தனை பேர் ஏறுவார்கள், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, பிள்ளைகள் அளவிலும் இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா, பிடித்த மீன் யாருக்கு, அதைச் சமைத்துத் தருவார்களா, அதற்குத் தனிக்காசா, வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா. ஆள் எண்ணிக்கை முக்கியம். ஒரு தோனியின் இரு பக்கமும் சேர்த்து எட்டுப் பேர் தூண்டில் போடலாம். பதினைந்து பேரை ஏற்றினால் மாலை முழுவதும் சிக்கு எடுப்பதிலேயே போய்விடும்.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை

முழுக்கைச் சட்டை, நாடா கட்டிய தொப்பி, போலராய்டு கண்ணாடி, ஆளுக்கு 2 லிட்டராவது தண்ணீர், இருட்டிய பின் போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய மேல்சட்டை. மாற்றுத் துணியையும் போனையும் தண்ணீர் புகாத பையில் போடுங்கள். அது இல்லாமல் பாலித்தீன் பையானால் ஒன்று போதாது. இரண்டு பை, ஒன்றுக்குள் ஒன்று, வாயை முறுக்கிக் கட்டி. செருப்பைப் படகில் ஏறும்போதே கழற்றிவிடச் சொல்வார்கள்.

கையுறை கட்டாயம். தோட்ட வேலைக்கு விற்கும், உள்ளங்கையில் ரப்பர் பூசிய மெல்லிய துணியுறை போதும். தடித்த தோலுறை போட்டால் மீன் கடிப்பது விரலுக்குத் தெரியாது. கையுறை இல்லாவிட்டால் இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் துணிப் பிளாஸ்திரியை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். நரம்பு உரசுவது அங்கேதான்.

சன்ஸ்கிரீன் பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த வாசனை இரையில் ஏறினால் மீன் விலகிப் போகும் என்பது மீனவர் பலரின் நம்பிக்கை. எப்படியானாலும் வழுக்கும் கையால் நரம்பைப் பிடிக்க முடியாது.

ஈட்டித் துப்பாக்கியைக் கொண்டுவராதீர்கள். நாட்டுக்குள் கொண்டுவரவே தடை. மக்கள் வாழும் தீவுகளில் மதுவும் தடை. அங்கிருந்து கிளம்பும் படகிலும் அதே விதிதான்.

குமட்டல்

கடல் குமட்டல் ஒருவருக்கு வருமா வராதா என்று கரையில் நின்று சொல்ல முடியாது. முதல்முறை போகிற எல்லோரும் வரும் என்றே தயாராகுங்கள். அவோமின் போன்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். தலைசுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையே வாந்தியில் வெளியே வந்துவிடும். அது தூக்கம் வரவழைக்கும். உங்களுக்கு எப்படி என்று ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளும் வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

வெறும் வயிறும் கெடுதல், நிறைந்த வயிறும் கெடுதல். எண்ணெயில்லாத லேசான உணவு சரி. படகில் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் உட்காருங்கள், ஆட்டம் குறைவு. இன்ஜின் புகை வரும் இடத்தை விட்டு விலகுங்கள். கண் அடிவானத்தில் இருக்கட்டும். குனிந்து போன் பார்ப்பதும் குனிந்தபடி முள்ளில் இரை குத்துவதும்தான் பலரைக் கவிழ்ப்பவை. இரையை நெஞ்சு உயரத்தில் பிடித்துக் குத்துங்கள். வாந்தி வந்தால் வெட்கப்பட வேண்டாம். காற்று முதுகில் படும் பக்கமாகப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, தூண்டிலைத் திரும்பக் கையில் எடுங்கள். கையில் வேலை இருந்தால் பாதிக் குமட்டல் அடங்கும்.

முதலில் டிரோலிங்

படகு மணிக்கு 6 முதல் 8 கடல்மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்க, பின்னால் 20 முதல் 50 மீட்டர் தூரத்தில் செயற்கை இரை தண்ணீரில் துள்ளிக்கொண்டு வரும். கம்புகள் தாங்கியில் செருகியிருக்கும். உங்கள் வேலை பறவைகளைப் பார்ப்பது. ஆலாக்கள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தால் அடியில் சூரைக் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். படகோட்டி அந்தக் கூட்டத்துக்குள்ளே விடாமல் ஓரமாகச் சுற்றுவார்; நடுவில் விட்டால் கூட்டம் அமிழ்ந்துவிடும்.

மீன் அடித்ததும் ரீல் கிர்ரென்று சத்தம் போடும். உடனே பாய்ந்து கம்பைப் பிடுங்காதீர்கள். படகுக்காரர் எடுத்துக் கையில் கொடுக்கட்டும். கம்பின் அடியைப் பெல்ட் குழியில் செருகட்டும். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்வரை ரீலைச் சுற்ற வேண்டாம். அப்போது சுற்றினால் நரம்பு உள்ளே வராது. முறுக்கேறிக் கெட்டுப்போவது மட்டும்தான் நடக்கும். மீன் நின்றதும் கம்பை மெதுவாக மேலே தூக்குங்கள், தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள். தூக்கு, தாழ்த்திச் சுற்று. இதே தாளம்தான் கடைசிவரை. தாழ்த்தும்போது நரம்பு தளர்ந்தால் மீன் தலையை உதறி முள்ளைத் துப்பிவிடும். ஓடும் நரம்பில் பெருவிரலை வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

ஒரு மணி நேரத்தில் எதுவும் அடிக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். உண்மையான மீன்பிடிப்பு இனிமேல்தான்.

கைத்தூண்டில்: இதில்தான் எல்லாம்

படகோட்டி தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் 20 முதல் 40 மீட்டர் ஆழத்தில், பார் சரிந்து இறங்கும் ஓரமாக இருக்கும். மேல்மட்டம் வரை எழும் பவளப்பார் அவர்கள் மொழியில் ஃபரு, சற்று அமிழ்ந்த சிறு பார் கிரி, இன்னும் ஆழத்தில் இருப்பது திலா, தீவுகளுக்கிடையே கடல் புகுந்து வரும் வாய்க்கால் கந்து. கந்துவில் நீரோட்டம் கடுமையாக இருக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இன்னும் கடுமை. புதியவர்களோடு படகை அங்கே கட்டினால் ஈயம் அடியைத் தொடாது. கிரியின் ஓரமாகக் கட்டச் சொல்லுங்கள். நங்கூரத்தைப் பவளத்தின் மேல் வீசாமல் மணலில் போடச் சொல்லவும் தயங்காதீர்கள். ஒரு நங்கூரம் உடைக்கும் பவளம் திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். மீன் நிற்பதே அந்தப் பவளத்தை நம்பித்தான்.

பிளாஸ்டிக் வளையத்தில் சுற்றிய நரம்பு ஒன்றைத் தருவார்கள். 0.8 முதல் 1 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் பிடிக்க வசதி. மெல்லியது கையை அறுக்கும். நுனியில் 200 கிராம் ஈயம். அதற்கு ஓரடி மேலே கிளை நரம்பில் ஒரு முள். ஈயம் அடியிலும் முள் மேலேயும் இருப்பது நல்லது, ஏனென்றால் முள் பாரில் மாட்டுவது குறையும். இரண்டு முள் கட்டித் தந்தால் ஒன்றை வெட்டிவிடச் சொல்லுங்கள். புதியவருக்கு இரண்டாவது முள் மீனைவிடப் பக்கத்து ஆளின் நரம்பைத்தான் அதிகம் பிடிக்கும்.

இரை பெரும்பாலும் சூரைத் துண்டு, சில நேரம் கணவாய். சூரையானால் தோலோடு இருக்கும் துண்டை எடுங்கள். விரல் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம் போதும். முள்ளைத் தோல் வழியாகக் குத்தி வெளியே எடுத்து, மறுபடி ஒரு தரம் குத்துங்கள். முள் நுனி வெளியே தெரிய வேண்டும். சதைக்குள் புதைந்திருந்தால் மீன் கடித்தும் ஏறாது. தோலில்லாத துண்டு தண்ணீரில் இறங்கும்போதே கழன்றுவிடும். கோழிக்கறி அளவுக்குப் பெரிய துண்டை வைத்தால் மீன் ஓரத்தை மட்டும் கொறித்துக்கொண்டிருக்கும்.

இனி இறக்குவது. வளையத்தை இடது கையில் பிடித்து, நரம்பு வலது ஆள்காட்டி விரல் மேலாக ஓடும்படி ஈயத்தை விடுங்கள். தடதடவென்று விழவிடாமல் விரலால் லேசாக அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஈயம் தரை தொட்டதும் நரம்பு ஒரு கணம் தளரும். அதைக் கவனிக்காமல் விட்டுக்கொண்டே இருப்பதுதான் முதல் நாள் எல்லோரும் செய்யும் தவறு. தளர்ந்த நரம்பு பாரைச் சுற்றிக்கொள்ளும். தளர்ந்தது தெரிந்த உடனே ஒரு பாகம், அதாவது இரு கையையும் விரித்த அளவு, மேலே இழுத்து நிறுத்துங்கள். சில நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி தரையைத் தொட்டுப் பார்த்து, மறுபடி ஒரு பாகம் தூக்குங்கள். படகு அசைந்துகொண்டே இருப்பதால் ஆழம் மாறும்.

நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு சுற்றுக்கூட வேண்டாம். 10 கிலோ கலவா ஒன்று பாரை நோக்கிப் பாய்ந்தால் அந்தச் சுற்று இறுகி விரலைச் சதையோடு அறுக்கும். ஆளையே விளிம்புக்கு இழுக்கும். நரம்பு விரலின் மேல் கிடக்க வேண்டும். வேண்டும்போது நழுவ வேண்டும். பிள்ளைகள் கையில் தூண்டில் கொடுத்தால் பெரியவர் ஒருவரும் அதே நரம்பைப் பிடித்திருக்க வேண்டும்.

கடியைப் படிப்பது விரலின் வேலை. டிக்டிக்டிக் என்று விரைவாகத் தட்டினால் சின்ன மீனோ கிளாத்தியோ இரையைத் திருடிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சுண்டினால் வெறும் முள்தான் மேலே வரும். பொறுங்கள். டொக், டொக் என்று கனமாக இரண்டு தட்டு, பிறகு நரம்பைக் கீழே சாய்க்கும் ஓர் இழுப்பு. அதுதான் விளைமீனோ சங்கராவோ. அந்த இழுப்பு வந்ததும் கையைத் தோள் வரை ஒரே வீச்சில் சுண்டி இழுங்கள். கனம் நின்றால் மீன் ஏறிவிட்டது. உங்கள் முள் நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளானால் மட்டும் சுண்டக் கூடாது; சுண்டினால் முள் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். சீராக இறுக்கினால் அதுவே வாயோரத்தில் குத்திக்கொள்ளும். எந்த முள் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறியதும் முதல் ஐந்து மீட்டரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். மீன் தன் பொந்துக்குள் புக முயல்வது அப்போதுதான். உள்ளே போய்விட்டால் துடுப்பை விரித்து இறுக்கிக்கொள்ளும், நரம்பு அறுந்துதான் வரும். அதன்பிறகு கை மாற்றி கை, அவசரமில்லாமல். ஒரு கை அடுத்த பிடிக்குப் போகும்போது மறுகை நரம்பைத் தளரவிடக் கூடாது. இழுத்த நரம்பைக் காலடியில் ஒரே இடத்தில் விழவிடுங்கள். அதன்மேல் காலை வைக்காதீர்கள். மீன் திரும்ப ஓடினால் அந்தக் குவியல்தான் காலைச் சுற்றும். ஒரு கிலோவுக்குள் இருந்தால் அப்படியே உள்ளே தூக்கிவிடலாம். பெரிதானால் தண்ணீர் மட்டத்தில் நிறுத்தி, படகுக்காரரின் கொக்கிக்கோ வலைக்கோ காத்திருங்கள். விளிம்பில் தட்டி நழுவிப் போகும் மீன்கள்தான் அதிகம்.

இழுக்கும்போது திடீரென்று கல்லைக் கட்டியது போல் கனத்து, பிறகு லேசாகி, பாதி மீன் மட்டும் வந்தால் சுறா தின்றிருக்கிறது. மாலத்தீவில் இது அடிக்கடி நடக்கும். 2010-இல் அங்கே சுறாப் பிடிக்கத் தடை வந்தது. உங்கள் முள்ளில் சுறாவே மாட்டினால் போராட வேண்டாம். படகுக்காரர் வாய்க்கு அருகே நரம்பை வெட்டிவிடுவார். ஒரே இடத்தில் மூன்று மீனைச் சுறா எடுத்துக்கொண்டால் படகை நகர்த்தச் சொல்லுங்கள்.

முள் பாரில் மாட்டிக்கொண்டால் கையால் பலமாக இழுக்காதீர்கள். நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப் பக்கத்துக்கு நடந்து போய் இழுத்துப் பாருங்கள். பாதி நேரம் கழன்றுவிடும். கழலாவிட்டால் படகின் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் படகின் ஆட்டமே அறுத்துவிடும். அறுந்த நரம்பைக் கடலில் வீசாமல் சுருட்டிக் கரைக்குக் கொண்டு வாருங்கள். ஆமையின் துடுப்பில் சுற்றினால் அதன் உயிருக்கே ஆபத்து.

சிக்கு ஏன் விழுகிறது? ஆளுக்கொரு எடை ஈயம் போடுவதால். நீரோட்டத்தில் 100 கிராம் ஈயம் அதிகம் சாயும், 300 கிராம் குறைவாகச் சாயும். இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒரே எடை இருந்தால் எல்லா நரம்பும் ஒரே சாய்வில் நிற்கும். பக்கத்து ஆளுக்குப் பெரிய மீன் ஏறியிருந்தால் உங்கள் நரம்பை மேலே எடுத்துவிடுங்கள்.

ஆபத்தான மீன்களும் காயமும்

மேலே வந்த மீனைப் பெயர் தெரியாமல் தொடாதீர்கள். கிளாத்தி விரலைக் கடித்துக் குதறக் கூடியது. ஊழிக்கும் கூர்ப்பல். விலாங்கு போல நெளியும் மோரே வந்தால் நரம்பை வெட்டிவிடுவதே வழி. சிங்கமீன், கல்மீன் வகைகளின் முதுகு முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவில், வெந்நீரில் காயத்தை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்த வேண்டும். சூட்டில் அந்த விஷம் செயலிழக்கும், வலி குறையும். குத்திய இடம் மரத்திருப்பதால் சூடு தெரியாது. வேறு ஒருவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். கரைக்கு வந்ததும் மருத்துவரிடம் போக வேண்டும்.

தூண்டில் முள் அதன் நுனியருகே உள்ள எதிர்முள் வரை சதையில் ஏறிவிட்டால் படகில் பிடுங்கப் பார்க்காதீர்கள். நரம்பை வெட்டி, முள் அசையாமல் துணியால் கட்டி, தீவின் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்து வைப்பது நல்லது. அங்கே கடலோரக் காவலின் அவசர எண் 191, ஆம்புலன்ஸ் 102.

நீச்சல் தெரியாதவர்கள் படகு ஓடும்போது மட்டுமல்ல, தூண்டில் போடும்போதும் உயிர்காப்பு அங்கியைக் கழற்ற வேண்டாம். விளிம்பில் குனிவது அப்போதுதான். இருட்டிய பிறகு படகு விளிம்பில் உட்கார்ந்து தூண்டில் போடுவதைத் தவிருங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

ஆமை, திருக்கை, நெப்போலியன் மீன் ஆகியவை பாதுகாக்கப்பட்டவை. கிளிமீன் பவளத்தின் மேல் படியும் பாசியை மேய்ந்து பாரைக் காப்பது, அதையும் விட்டுவிடுங்கள். கலவாவில் சிறியது வந்தால் வைக்க வேண்டாம். இனத்துக்கு இனம் குறைந்தபட்ச அளவு விதி இருக்கிறது, படகுக்காரருக்குத் தெரியும். சில பார்கள் பாதுகாக்கப்பட்ட பகுதிகள்; அங்கே தூண்டில் போடவே கூடாது.

விடப்போகும் மீனை ஈரக் கையால் பிடியுங்கள். காய்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும், நோய் பிடிக்கும். 30 மீட்டரிலிருந்து இழுத்த மீனுக்கு வயிறு உப்பி வாய் வழியாக இரைப்பை தள்ளியிருக்கலாம். அதைக் குத்தி உடைக்காதீர்கள். ஈயத்தோடு கட்டி ஆழத்துக்கு இறக்கி விடும் முறை உண்டு, படகுக்காரரைக் கேளுங்கள். அதைவிட நல்லது, இரவுச் சாப்பாட்டுக்குத் தேவையானது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவது. நாலு பேருக்கு ஒரு கிலோ மீன் மூன்றிருந்தால் போதும்.

உண்பதில் இரண்டு எச்சரிக்கை. பெரிய ஊழி, பெரிய கலவா, செங்கறுப்பான பெரிய சங்கரா ஆகியவற்றில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம். பாரில் வளரும் நுண்பாசியிலிருந்து சிறு மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று படிப்படியாகச் சேரும் நஞ்சு இது. சமைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. ஆகவே பாரின் கிழட்டு மீனைவிடச் சின்ன மீன் நல்லது. மற்றது சூரை: ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் ஊறும், சாப்பிட்டதும் முகம் சிவந்து தலை வலிக்கும். அதுவும் சமைத்தால் போகாது. சூரை ஏறியதும் செவுளருகே வெட்டி ரத்தம் வடியவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டிக்குள் போட வேண்டும். வெறும் ஐஸ்கட்டியைவிட இந்தக் கலவை மீனைச் சுற்றிலும் தொட்டுச் சீக்கிரம் குளிர்விக்கும். படகில் ஏறும்போதே ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கரையில்

விடுதியில் மீனைக் கொடுத்தால் முழுசாக மிளகாயும் எலுமிச்சையும் தடவிக் கரியடுப்பில் சுட்டுத் தருவார்கள். ஒரு கிலோ விளைமீனுக்குப் பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். முதுகுத் தண்டையொட்டிய சதை கண்ணாடி போலத் தெரியாமல் வெளுத்து, முள்ளைவிட்டுப் பிரிந்தால் வெந்துவிட்டது. மிச்சமானால் தலையும் முள்ளும் போட்டு அவர்களுடைய கருதியா வைக்கச் சொல்லுங்கள். உப்பும் தண்ணீரும் மட்டுமே சேர்த்த தெளிந்த மீன்சாறு. சோற்றில் ஊற்றி, வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் பிழிந்து சாப்பிட வேண்டும். சூரையில் வைப்பதுதான் வழக்கம், பார் மீனிலும் வைக்கலாம்.

பச்சை மீனை ஊருக்குக் கொண்டுவர முயல வேண்டாம். நம் ஊரில் மாசிக் கருவாடு என்று விற்பது அவர்கள் சூரையை வேகவைத்துப் புகையூட்டி வெயிலில் காயவைப்பதுதான். மாலே மீன் சந்தைப் பகுதியில் கிடைக்கும். உங்கள் நாட்டுச் சுங்க விதியைப் பார்த்துக்கொண்டு வாங்குங்கள். வாங்கும்போது இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கட்டையும் கட்டையும் மோதுவது போல ஓசை வந்தால் நன்றாகக் காய்ந்தது. மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. வீடு போய்ச் சேர்வதற்குள் பூசணம் பிடிக்கும்.